அப்பா வெளியே போன பிறகு

கெய்ரோவின் பழைய நகரில் ஒரு பெண் நள்ளிரவில் கண்விழிக்கிறாள். எழுப்புவதற்கு மணி இல்லை, ஆளும் இல்லை. கணவர் கேளிக்கை முடிந்து திரும்பும் நேரம் அவள் உடம்புக்கே தெரியும். விளக்கை எடுத்துக்கொண்டு படிக்கட்டின் மேலே போய் நிற்கிறாள். அவர் ஏறி வரும்போது வெளிச்சம் காட்ட வேண்டும். அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் காலணியையும் காலுறையையும் கழற்றிவிட வேண்டும். பதினான்கு வயது நிறைவதற்குள் மணமாகி அந்த வீட்டுக்கு வந்தவள் அமீனா. இப்போது நாற்பதைத் தொட்டுவிட்டாள்.

நஜீப் மஹ்ஃபூஸின் கெய்ரோ முத்தொகுதியில் முதல் நாவலான ‘பைனுல் கஸ்ரைன்’ இந்த விழிப்பில்தான் தொடங்குகிறது. அது 1956இல் வெளிவந்தது. ‘கஸ்ருஷ் ஷவ்க்’, ‘அஸ்ஸுக்கரிய்யா’ என்ற மற்ற இரண்டும் அடுத்த ஆண்டே வந்தன. மூன்று தலைப்புகளும் பழைய கெய்ரோவின் இடப்பெயர்கள். 1917இல் தொடங்கும் கதை இரண்டாம் உலகப்போரின் கடைசி ஆண்டுகள்வரை போகிறது. ஒரு குடும்பத்துக்குள் ஆட்சி எப்படி நடக்கிறது என்பதை இத்தனை பொறுமையாக எழுதிய இன்னொரு நாவலை நான் படித்ததில்லை. கொடுமைக்காரத் தந்தைகள் வரும் கதைகள் நிறைய உண்டு. அடிக்கிறார்கள், கத்துகிறார்கள், கடைசியில் தண்டனை பெறுகிறார்கள். அவற்றைப் படித்து மூடும்போது நம் வீடு அப்படியில்லை என்ற நிம்மதி வந்துவிடுகிறது. மஹ்ஃபூஸிடம் அந்த நிம்மதி கிடைக்காது.

அமீனாவின் கணவர் அஹ்மத் அப்துல் ஜவாத், நஹ்ஹாஸீன் பகுதியில் மளிகைக் கடை வைத்திருப்பவர். மணமான முதல் ஆண்டில், இரவு முழுதும் வெளியே தங்குவதைப் பற்றி அமீனா பணிவாக ஒரு வார்த்தை சொல்லிப்பார்க்கிறாள். அவர் அவளுடைய இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டு, இந்த வீட்டில் கட்டளையிடுவது யார் என்பதை உரத்த குரலில் சொல்கிறார். அவ்வளவுதான். அதன்பிறகு ஓங்கிய கைக்குத் தேவையே இருக்கவில்லை. மீதி வேலையை அமீனாவே செய்துகொள்கிறாள். எது அவருக்குப் பிடிக்கும், எது பிடிக்காது, எந்த மௌனத்துக்கு என்ன பொருள் என்று கற்றுத் தேர்கிறாள். ஆளப்படுகிறவர்கள் ஆள்பவரைப் படிக்கும் படிப்புக்கு ஈடான படிப்பு உலகத்தில் குறைவு. நம் வீடுகளிலும் செருப்புச் சத்தத்தை வைத்தே அன்றைய மாலை எப்படிப் போகும் என்று சொல்லிவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் காதுகள் எப்படித் தீட்டப்பட்டன என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளை சூட்டிகை என்று மட்டும் சொல்கிறோம்.

நள்ளிரவுக் காட்சியில் இன்னொன்றும் இருக்கிறது. குடித்துவிட்டு வரும் அந்த ஒரு மணிநேரத்தில்தான் அஹ்மத் அப்துல் ஜவாத் மனைவியோடு மனம்விட்டுப் பேசுகிறார். போர், விலைவாசி, ஊர்ச் செய்தி என்று ஏதேதோ. பகலில் அவள் காணாத மென்மை அது. மது பாவம் என்று நம்புகிற அமீனா, அந்த மென்மையை அவருக்குக் கொடுப்பது மதுதான் என்பதையும் உணர்ந்திருக்கிறாள். அந்த நேரத்துக்காகக் காத்திருக்கிறாள். இங்கே மஹ்ஃபூஸ் கதையை ஒருபக்கமாகச் சாய்க்கலாம். அவளைப் பரிதாபத்துக்குரியவளாகவோ ஏமாளியாகவோ ஆக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. அவளுடைய அன்பு உண்மையானது, மகிழ்ச்சியும் உண்மையானது. அந்த மகிழ்ச்சி கிடைக்கும் வழி அவ்வளவு குறுகலாக்கப்பட்டிருப்பதால்தான், கிடைக்கும் சிறிதும் வரமாகத் தெரிகிறது. வீட்டுக்குள் நடக்கும் அதிகாரத்தின் கொடிய வேலை இதுதான் என்று நினைக்கிறேன். சாதாரணமாகக் கிடைக்க வேண்டிய ஒரு நல்ல சொல்லை அது அருளாக மாற்றிவிடுகிறது.

காலை உணவுக் காட்சியைப் பலமுறை படித்திருக்கிறேன். தட்டைச் சுற்றித் தந்தையும் மூன்று மகன்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். அமீனா தண்ணீர்ப் பாத்திரத்தோடு ஓரத்தில் நிற்கிறாள். பெண்பிள்ளைகள் அந்த இடத்திலேயே இல்லை. தந்தை கையை நீட்டும்வரை யாரும் தொடுவதில்லை. பிறகு வயது வரிசைப்படி ஒவ்வொருவராகக் கை நீட்டுகிறார்கள். மூத்தவன் யாஸீன் வேலைக்குப் போகிறவன், ஃபஹ்மி சட்டக் கல்லூரி மாணவன். அவர்களும் தலை குனிந்தபடிதான் சாப்பிடுகிறார்கள். சிறுவன் கமாலின் கவலை வேறு. அண்ணன்கள் எல்லாவற்றையும் முடித்துவிடுவதற்குள் அப்பா எழுந்து போய்விடமாட்டாரா என்று அவன் ஏங்குகிறான். அச்சமும் பசியும் ஒரே தட்டில் கலந்துகிடப்பதை எழுத மஹ்ஃபூஸுக்குச் சில பக்கங்களே போதுமாக இருக்கின்றன. ஒருவர்கூட அங்கே குரலை உயர்த்துவதில்லை.

சாயங்காலம் அதே வீடு வேறு வீடாகிவிடுகிறது. அப்பா வெளியே போன பிறகு, சூரியன் மறைவதற்கு முன்னால், கீழ்த்தளத்தில் கணப்பைச் சுற்றி அமீனாவும் ஐந்து பிள்ளைகளும் காப்பிக்காகக் கூடுகிறார்கள். மகள் கதீஜா எல்லோரையும் கேலி செய்கிறாள். யாஸீன் புத்தகம் படிக்கிறான், கமால் கதை கேட்டு நச்சரிக்கிறான். நாவலின் மிக மகிழ்ச்சியான பக்கங்கள் இவை. படிக்கிறவருக்கு அந்த வீட்டில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்று தோன்றும். ஆனால் இந்தச் சிரிப்பை விடுதலை என்று படிப்பது தவறு. காப்பி நேரம் அப்பாவின் ஆட்சிக்கு வெளியே இல்லை. அவருடைய கால அட்டவணை எங்கே இடம் விட்டதோ அங்கே முளைத்தது அது. தாயும் பிள்ளைகளும் இத்தனை நெருக்கமாக இருப்பதற்கு ஒரு காரணமே அவர்களுக்குப் பொதுவான அச்சம். அந்த நெருக்கத்தை இழக்க மனமில்லாததால் அந்த அச்சத்தைக் கலைக்கவும் யாருக்கும் தோன்றுவதில்லை. நம்மில் பலரும் அம்மாவோடு அடுப்படியில் கழித்த மாலைகளைக் கண்கலங்க நினைத்துக்கொள்கிறோம். அப்போது திண்ணையில் யார் இருந்தார், அல்லது யார் இல்லாமல் இருந்தார் என்பதையும் சேர்த்து நினைப்பது அந்த மாலைகளுக்கு நாம் செய்யும் நியாயம்.

வெளியே அஹ்மத் அப்துல் ஜவாத் எப்படிப்பட்டவர்? நகைச்சுவை மிக்கவர். நல்ல நண்பர். பாடகிகளின் அவையில் கஞ்சிரா தட்டிப் பாடுகிறவர். தெருவில் இரண்டு பேருக்குள் சண்டை வந்தால் சமரசத்துக்கு அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். தொழுகையிலும் அவர் நடிப்பதில்லை, முழு மனதோடு தொழுகிறார். குடியும் தொழுகையும் அவருக்குள் ஒன்றோடொன்று மோதுவதே இல்லை. மனிதர் நமக்குப் பிடித்துப்போகிறார். அதுதான் மஹ்ஃபூஸ் நமக்கு வைக்கும் சோதனை. வீட்டுக்குள் அந்த முகத்தைப் பார்க்க அனுமதி இல்லாதவர்களின் பக்கத்தில் நாம் நிற்கிறோமா, அல்லது அவருடைய நண்பர்களோடு போய் உட்கார்ந்துகொள்கிறோமா?

எகிப்தில் பெரும்பாலோர் நண்பர்களோடுதான் போய் உட்கார்ந்தார்கள். 1964இல் ஹஸன் அல்இமாம் இந்த நாவலைப் படமாக்கினார். யஹ்யா ஷாஹீன் தந்தையாக நடித்தார். அந்தப் பாத்திரம் நாவலைவிட்டு வெளியேறி மக்களின் பேச்சில் குடியேறியது. பழைய காலத்து ஆண்மகன், கம்பீரமானவர், இப்போது அப்படி யார் இருக்கிறார்கள் என்கிற ஏக்கம் கலந்த நினைப்பு அது. நாவலை ஒழுங்காகப் படித்தவர் இப்படி ஏங்க முடியாது. ஏனென்றால் மஹ்ஃபூஸ் அந்தக் கம்பீரத்துக்கு விலை கொடுத்தவர்களின் கணக்கை ஒன்றுவிடாமல் எழுதிவைத்திருக்கிறார்.

அந்தக் கணக்கில் பெரியது அமீனாவின் பள்ளிவாசல் பயணம். திருமணமாகி வந்த நாள்முதல் அவள் கெய்ரோவைப் பார்ப்பது மரச்சல்லடை அடித்த பலகணியின் துளைகள் வழியாகத்தான். கூப்பிடு தூரத்தில் இருக்கிறது ஹுஸைன் பள்ளிவாசல். அதன் மினாரைப் பார்த்தபடியே வாழ்நாள் போய்க்கொண்டிருக்கிறது. கணவர் வணிகத்துக்காக போர்ட் சயீது போகிறார். போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்களேன் என்று பிள்ளைகள் தூண்டுகிறார்கள். கமாலைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போகிறாள். பள்ளிவாசலுக்குள் அவள் அடையும் பரவசத்தை மஹ்ஃபூஸ் எந்தக் குறையும் வைக்காமல் எழுதுகிறார். திரும்பும் வழியில் கூட்டமும் வெயிலும் சேர்ந்து அவளுக்கு மயக்கம் வருகிறது. ஒரு கார் இடித்துக் காறை எலும்பு முறிகிறது.

கணவர் திரும்பியதும் அவள் பொய் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறாள். அவர் கத்தவில்லை. வைத்தியம் நடக்கிறது, எலும்பு கூடும்வரை காத்திருக்கிறார். வீட்டில் எல்லோரும் அவர் மன்னித்துவிட்டார் என்று நம்பத் தொடங்குகிறார்கள். அவள் எழுந்து நடமாடி, வழக்கம்போல் அவருக்குப் பணிவிடை செய்ய வந்த முதல் நாளில், என் வீட்டைவிட்டுப் போ என்கிறார். இந்தப் பொறுமையை என்னால் தாங்க முடியவில்லை. கோபத்தில் அடித்திருந்தால் பிறகு வருந்தலாம், சமாதானம் பேசலாம். இங்கே கோபம் ஆறிவிட்டது. அவள்மீது இரக்கமும் அவருக்கு இருக்கிறது. அவருக்கு முன்னால் நிற்பது அவள் அல்ல, விதி ஒன்று மட்டும்தான். விதி மீறப்பட்டது, மீறியவள் குணமடைந்துவிட்டாள், இனி தண்டனை. ஓர் அரசாங்கம் இப்படித்தான் நடந்துகொள்ளும். கைதியின் உடல்நிலையைச் சோதித்துத் தேறியபின் தண்டனையை நிறைவேற்றும் அதே ஒழுங்கு.

அமீனா தன் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். இப்போது பிள்ளைகளைப் பாருங்கள். போகச் சொல்லித் தூண்டியவர்கள் அவர்கள். வளர்ந்த மகன்கள் இருவரில் ஒருவருக்கும் தந்தையிடம் வாய் திறக்கத் துணிவில்லை. கடைசியில் கேட்பவன் சிறுவன் கமால்தான். அம்மாவைத் திருப்பிக் கூட்டிவாருங்கள் என்று கத்திவிட்டு ஓடிவிடுகிறான். ஃபஹ்மியின் மௌனம்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. அவன் நாட்டுப்பற்று மிக்கவன். 1919 மார்ச்சில் பிரிட்டிஷார் விடுதலை இயக்கத் தலைவர் சஅது ஸக்லூலை மால்ட்டாவுக்கு நாடுகடத்தியதும் எகிப்து கொந்தளிக்கிறது. ஃபஹ்மி துண்டறிக்கைகள் கொடுக்கிறான், ஊர்வலங்களில் முன்னால் நிற்கிறான். ஒரு பேரரசை எதிர்க்க முடிந்தவனால் தாயைத் தாய்வீட்டுக்கு அனுப்பியது தவறு என்று ஒரு சொல் சொல்ல முடியவில்லை. மஹ்ஃபூஸ் இதைச் சுட்டிக்காட்டி எதுவும் சொல்வதில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறார், அவ்வளவுதான். நாடு கேட்ட விடுதலையை வீடு ஏன் கேட்கவில்லை என்ற கேள்வியை அந்த அமைதியே கேட்கிறது. இந்தக் கேள்வி எகிப்துக்கு மட்டும் உரியதில்லை. நம்முடைய சுதந்திரப் போராட்டக் கதைகளிலும் பிற்கால இயக்கங்களின் கதைகளிலும், மேடையில் அனல் பறக்கப் பேசிவிட்டு வந்தவர் வீட்டில் தட்டு வரக் கொஞ்சம் தாமதமானால் என்ன செய்தார் என்பதை எழுதியவர்கள் மிகச் சிலரே.

தந்தையும் விடுதலையை விரும்புகிறவர்தான். ஸக்லூலின் தூதுக்குழுவுக்கு ஆதரவான மனுவில் கையெழுத்துப் போடுகிறார். அதே மனிதர் ஓர் இரவு தெருவில் பிரிட்டிஷ் சிப்பாய்களிடம் பிடிபட்டு, மற்றவர்களோடு சேர்ந்து மண் சுமந்து பள்ளம் நிரப்புகிறார். துப்பாக்கி முனையில் நடுங்குகிறார். தன் வீட்டில் மற்றவர்கள் எப்போதும் உணர்வதை அன்று அவர் உணர்கிறார். ஆனால் அந்த இரவிலிருந்து அவர் எதையும் கற்றுக்கொள்வதில்லை. சிறுமைப்பட்டவர் திருந்திவிடுவார் என்று எழுதுவது எளிது. மஹ்ஃபூஸ் மனிதர்களை அதைவிட நன்றாக அறிந்தவர்.

ஃபஹ்மி போராட்டத்தில் இருக்கிறான் என்பது தந்தைக்குத் தெரியவருகிறது. குர்ஆனைக் கொண்டுவந்து, இனி ஈடுபடமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொல்கிறார். ஃபஹ்மி அழுகிறான், சத்தியம் செய்ய மறுக்கிறான். அவன் வாழ்க்கையில் முதல் மறுப்பு அது. மறுத்த நாள்முதல் அவனுக்குத் தூக்கமில்லை. ஸக்லூல் விடுதலையாகிவிட்டார் என்ற செய்தி வந்து ஊரே கொண்டாடும்போது, அவன் தந்தையின் கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்கிறான், மன்னிப்பும் கிடைக்கிறது. அரசு அனுமதித்த அமைதியான வெற்றி ஊர்வலத்துக்குப் போகிறான். அங்கே சுடப்பட்டுச் சாகிறான். மன்னிப்புக் கேட்காமல் செத்திருந்தால் அவன் தியாகி, புரட்சிக்காரன். மஹ்ஃபூஸ் அவனைக் கையை முத்தமிடவைத்துத்தான் அனுப்புகிறார். அவனுக்குள் இருந்த பேரரசு கெய்ரோவில் இருந்த பேரரசைவிட உறுதியானது.

இதே 1919இல், நவம்பர் மாதம், எழுத்தாளர் காஃப்கா தன் தந்தைக்கு ஒரு கடிதம் எழுதினார். கையெழுத்தில் நூறு பக்கத்துக்கு மேல். சிறுவயதில் ஓர் இரவு தண்ணீர் கேட்டு அழுததற்காகத் தந்தை தன்னைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டின் பின்புற மாடத்தில் நிறுத்திக் கதவைச் சாத்தியதை முப்பத்தாறு வயதில் நினைவுபடுத்துகிறார். கடிதம் தந்தையிடம் போய்ச் சேரவே இல்லை. கொடுக்கச் சொல்லித் தாயிடம் தர, அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று காஃப்காவின் நண்பர் மாக்ஸ் பிராட் எழுதியிருக்கிறார். கடிதத்துக்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1912 செப்டம்பரில் ஒரே இரவில் எழுதிய ‘தீர்ப்பு’ கதையில், படுக்கையில் கிடக்கும் கிழட்டுத் தந்தை எழுந்து நின்று, நீ நீரில் மூழ்கிச் சாக வேண்டும் என்று மகனுக்குத் தீர்ப்பளிக்கிறார். மகன் ஓடிப்போய்ப் பாலத்திலிருந்து விழுகிறான். விழும்போதும் பெற்றோரிடம் தனக்கிருந்த அன்பையே சொல்கிறான். ஃபஹ்மியின் முத்தமும் இந்தக் கடைசிச் சொல்லும் ஒரே இடத்திலிருந்து வருபவை. தண்டனையை நிறைவேற்ற ஆள் தேவையில்லாத தீர்ப்புகள் வீட்டில்தான் எழுதப்படுகின்றன.

அன்பு எவ்வாறு ஆயுதமாகிறது என்பதை இன்னும் கூர்மையாக எழுதியவர் சிமமாண்டா அடிச்சி. அவருடைய முதல் நாவலான ‘பர்ப்பிள் ஹைபிஸ்கஸ்’ 2003இல் வந்தது. நைஜீரியாவில் ராணுவ ஆட்சி நடக்கும் காலம், எனுகு நகரம். தந்தை யூஜின் செல்வந்தர், கடும் பக்தியுள்ள கத்தோலிக்கர். அவருடைய பத்திரிகை ராணுவ ஆட்சியின் அநியாயங்களை அஞ்சாமல் எழுதுகிறது. ஏழைகளுக்கு வாரிக் கொடுக்கிறார். வீட்டில் பிள்ளைகளின் ஒவ்வொரு மணிநேரத்துக்கும் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறார். மகளிடமும் மகனிடமும் தன் தேநீரில் ஒரு வாய் குடிக்கக் கொடுப்பார். அன்பின் மிடறு என்று அதற்குப் பெயர். தேநீர் எப்போதும் கொதிக்கக் கொதிக்க இருக்கும், நாக்கைப் பொசுக்கும். மகள் கம்பிலி அந்தச் சூட்டை அப்பாவின் அன்பாகவே எடுத்துக்கொள்கிறாள். முன்னோரின் மதத்திலேயே நின்றுவிட்ட தாத்தாவோடு ஒரே வீட்டில் தங்கியதை மறைத்தாள் என்பதற்காக அவர் அவள் காலில் கொதிநீரை ஊற்றுகிறார். ஊற்றும்போது அழுகிறார். அந்த அழுகை போலி இல்லை என்பதுதான் நாவலின் பயங்கரம்.

யூஜினை எழுதுவதில் அடிச்சி காட்டிய நேர்மை சாதாரணமானது அல்ல. வெளியே கோழை, வீட்டில் புலி என்று எழுதியிருந்தால் நமக்கு வசதியாக இருந்திருக்கும். யூஜின் வெளியேயும் புலிதான். பத்திரிகை ஆசிரியர் குண்டுக்குப் பலியான பிறகும் பின்வாங்காதவர். சர்வாதிகாரத்தை எதிர்ப்பவன் சர்வாதிகாரியாக இருக்க முடியாது என்ற நம் நினைப்பை அந்தப் பாத்திரம் உடைத்துப் போடுகிறது. பிள்ளைகள் நுசுக்காவில் அத்தை இஃபெயோமா வீட்டுக்குப் போகும் பகுதிதான் இதற்கு மாற்று. பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் விதவை அவள். தண்ணீர்த் தட்டுப்பாடு, பணத் தட்டுப்பாடு. ஆனால் சாப்பாட்டு மேசையில் பிள்ளைகள் வாதாடுகிறார்கள், சிரிக்கிறார்கள். கம்பிலிக்கு முதலில் பேச்சே எழுவதில்லை. குரல் என்பது வீட்டில் பழகிக்கொள்ள வேண்டிய ஒன்று என்பதை அந்தப் பக்கங்கள்போல் வேறெதுவும் எனக்குச் சொன்னதில்லை. நாவலின் முடிவில் தாய் தந்தையின் தேநீரில் நஞ்சு கலக்கிறாள். மகன் ஜாஜா பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு சிறைக்குப் போகிறான். ஆள்பவர் இறந்தாலும் அவரால் உருவான தியாகம் செய்யும் பழக்கம் சாகவில்லை.

தமிழில் நஞ்சு கொடுக்கும் தாய் வேறு விதமாக வருகிறாள். சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வந்தது. பருவமடைந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள் வைக்கப்பட்டு, எழுதுவதையே ஒளித்துச் செய்தவர் சல்மா. தன் ஊரான துவரங்குறிச்சியின் ஜன்னல் வழியாக அவர் பார்த்த தெருவும் அமீனா பார்த்த தெருவும் ஒன்றுதான். ஆனால் சல்மாவின் நாவலில் கதவைக் காவல் காப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஊர் என்ன சொல்லும் என்ற அச்சத்தில் ஒரு தாயே தன் மகளை நஞ்சு குடிக்கவைக்கிறாள். அடிச்சியின் நாவலில் நஞ்சு அதிகாரத்துக்கு எதிராகப் போகிறது, இங்கே அதிகாரத்தின் பொருட்டுப் போகிறது. இரண்டு தாய்மார்களும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். வீட்டு அதிகாரத்தை ஆணின் குணமாக மட்டும் எழுதினால் இந்தத் தாயைப் புரிந்துகொள்ள முடியாது. ஆளப்பட்டவளுக்குக் கொடுக்கப்பட்ட ஒரே பதவி அடுத்தவளை ஆளுவது. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ இதைத்தான் தொட்டது. ராஜஸ்தான் வீடு ஒன்றின் இருண்ட அடுப்படியில் பெண்கள் தங்களுக்குள் நடத்தும் அதிகாரப் போட்டி, அந்த மூலையே உலகமென்று அவர்களை நம்பவைத்த அதிகாரத்தின் வெற்றி.

தந்தைக்கே இந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது? மஹ்ஃபூஸும் அடிச்சியும் மதத்தையும் குணத்தையும் காட்டுகிறார்கள். இமையத்தின் ‘பெத்தவன்’ கதையைப் படித்தபோது விடை வேறிடத்தில் கிடைத்தது. 2012இல் வந்தது. தலித் இளைஞன் ஒருவனை விரும்பும் மகளை நீயே கொன்றுவிடு என்று ஊர்க்கூட்டம் தந்தை பழனிக்குக் கட்டளையிடுகிறது. தந்தையின் அதிகாரம் அவருடைய சொத்தில்லை என்பது அங்கே அப்பட்டமாகத் தெரிகிறது. ஊர் அதைச் சாதியின் பெயரால் அவரிடம் ஒப்படைத்திருக்கிறது, பயன்படுத்தாவிட்டால் பிடுங்கிக்கொள்ளும். பழனி மகளை இரவோடிரவாகத் தப்பிக்கவைத்துவிட்டுத் தான் நஞ்சு குடித்துச் சாகிறார். கதை வந்து சில வாரங்களில், அந்த நவம்பரில், தருமபுரி மாவட்டத்தில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைச் சாக்கிட்டுத் தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. பழனியைப் போன்ற தந்தையைத் தமிழில் எழுதுவதற்கு எத்தனை துணிவு வேண்டும் என்பதை அப்போதுதான் பலர் உணர்ந்தார்கள். அஹ்மத் அப்துல் ஜவாதுக்கு அவருடைய தெரு ஒருநாளும் இப்படிக் கட்டளையிட நேரவில்லை. ஏனென்றால் தெரு விரும்பியதை அவர் கேட்காமலே செய்துகொண்டிருந்தார்.

முத்தொகுதியின் கடைசி நாவலில் காலம் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டுவிடுகிறது. நோயில் விழுந்த தந்தை வீட்டைவிட்டு வெளியேற முடியாமல் பலகணியில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறார். அமீனா விரும்பியபோதெல்லாம் ஹுஸைன் பள்ளிவாசலுக்குப் போய்வருகிறாள். இதைப் பழிதீர்ந்த கதையாகப் படிக்க எனக்கு மனம் வரவில்லை. போனதற்காக வெளியேற்றப்பட்டதற்கும் அனுமதியே வேண்டாம் என்றானதற்கும் நடுவில் ஒரு முழு வாழ்க்கை கழிந்துவிட்டது. கமாலின் கதையோ இன்னும் கசப்பானது. டார்வினைப் படித்தவன், தத்துவக் கட்டுரைகள் எழுதுகிறவன், தந்தையின் இரவு வாழ்க்கையை அறிந்து நொறுங்கியவன். முப்பது வயதைத் தாண்டியும் திருமணம், நம்பிக்கை, அரசியல் எதிலும் ஒரு முடிவெடுக்க அவனால் முடிவதில்லை. கட்டளையிட இப்போது யாரும் இல்லை. கட்டளை இல்லாமல் நடக்க அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவும் இல்லை.

மஹ்ஃபூஸ் இந்த முத்தொகுதியை 1952 ஜூலைப் புரட்சிக்கு முன்பே எழுதி முடித்துவிட்டார். பிறகு சில ஆண்டுகள் நாவலே எழுதவில்லை. மீண்டும் எழுதியபோது வந்தது ‘அவ்லாது ஹாரத்தினா’. 1959இல் அல்அஹ்ராம் நாளிதழில் தொடராக வந்தது. பெரிய மாளிகைக்குள் யார் கண்ணுக்கும் தெரியாமல் இருந்துகொண்டு, வெளியே தள்ளப்பட்ட பிள்ளைகளின் வாழ்வையெல்லாம் தீர்மானிக்கும் ஜபலாவி என்ற மூதாதையின் கதை அது. மத அறிஞர்களின் எதிர்ப்பு கிளம்பியது, எகிப்தில் நூலாக வரவில்லை. 1988இல் நோபல் பரிசு கிடைத்த பிறகும் வரவில்லை. 1994 அக்டோபரில் அந்த நாவலின் பெயரால் ஓர் இளைஞன் அவருடைய கழுத்தில் குத்தினான். எண்பத்திரண்டு வயதுக்காரரின் எழுதும் கை அதன்பிறகு பழையபடி இயங்கவே இல்லை.

அதற்குப் பின்பும், இஸ்லாமிய மத நிறுவனமான அல்அஸ்ஹர் சம்மதித்தால் ஒழிய அந்த நூலை எகிப்தில் வெளியிட வேண்டாம் என்ற நிலையிலேயே அவர் நின்றார். வெளியிட விரும்பியவர்களும் இருந்தார்கள், அவருக்காக வாதாடியவர்களும் இருந்தார்கள். 2006 ஆகஸ்டில் அவர் இறந்த பிறகுதான் அது கெய்ரோவில் புத்தகமானது. அப்படி வெளியிடமாட்டேன் என்று முன்பு கொடுத்த வாக்கைக் காத்தார் என்றும் ஊரோடு பகைக்க விரும்பாத பண்பு என்றும் இதை விளக்குகிறார்கள். இரண்டும் பொருத்தமானவைதான். ஆனாலும் அமீனாவை எழுதியவர், பெரியவர்களின் சம்மதத்துக்காகக் கடைசிவரை காத்திருந்தார் என்பதை என்னால் ஒதுக்கிவிட்டுப் போக முடியவில்லை. அவளை வெளியிலிருந்து பார்த்து எழுதியவர் அப்படி எழுதியிருக்க முடியாது.